இடமிருந்து வலம் செல்லும் எண்ணும் தடம்மாறிச் செல்லும் தமிழனும்

பாளையங்கோட்டைச் சந்தையில் காய்கறி விற்கும் மூதாட்டி, தட்டில் கிடப்பனவற்றை விரல்விட்டுக் கூட்டி, "தொண்ணூத்தேழு ரூவா தாங்க" என்கிறாள். பையோடு நிற்கும் ஆச்சியின் கையைப் பற்றிக்கொண்டிருக்கும் பெயரன் அண்ணாந்து பார்த்து, "ஆச்சி, தொண்ணூத்தேழுன்னா எவ்வளவு?" என்று கேட்கிறான். ஆச்சிக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவளுக்குத் தொண்ணூற்றேழு என்றால் தொண்ணூற்றேழுதான். அருகில் நிற்பவர் ஒருவர், "நைன்ட்டி செவன், தம்பி" என்று மொழிபெயர்த்து உதவுகிறார். பையன் முகம் மலர்கிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆச்சியும் சிரிக்கிறாள். அச் சிரிப்பில் பெருமையும் கலந்திருக்கிறது.

அழவேண்டிய இடத்தில் சிரிக்கக் கற்றுக்கொண்டது தமிழினம்! வடசொற் பூச்சில் தாமிரபரணியாகிப்போன பொருநையின் கரையில், நெல்லும் நீரும் நிலமும் தமிழெண்ணால் அளக்கப்பட்ட அதே மண்ணில், இன்று தமிழ்க்குழந்தைக்குத் தமிழெண்ணை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லை இழந்தோம், இழந்துகொண்டே இருக்கிறோம்; அது பழைய கதை. எண்ணையும் இழக்கிறோம் என்பது புதிய கதை. அதுவும் அரிசிச் சோறு உண்ணத் தொடங்கிய அகவையிலேயே இழக்கிறோம்.

இதனைச் சுட்டிக்காட்டினால் படித்தவர்கள் உடனே ஒரு மறுப்பை நீட்டுவார்கள். "எண் உலகப் பொது. இரண்டும் இரண்டும் நான்கு என்பதற்கு மொழி ஏது, இனம் ஏது? எம்மொழியில் எண்ணினால் என்ன?" என்பார்கள். கேட்பதற்கு அறிவார்ந்த மறுப்பாகத் தோன்றும். ஆனால் அறிவியல் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. எண்ணின் உண்மை பொது. அவ்வெண் குழந்தையின் உள்ளத்தில் குடிபுகும் வழி பொதுவன்று. அவ் வழியை அமைப்பவை அக்குழந்தை கேட்கும் மொழியும், பார்க்கும் எழுத்தும், வளரும் பண்பாடுமே.

எண்ணுக்கும் பக்கம் உண்டு

1993ஆம் ஆண்டில் பிரஞ்சு அறிஞர் தெகேன் என்பாரும் அவருடைய உடனாய்வாளர் இருவரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். திரையில் ஓர் எண் தோன்றும். அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை இடக்கையாலோ வலக்கையாலோ விசையை அழுத்திக் காட்டவேண்டும். எண் சிறியதா பெரியதா என்பது வினாவே இல்லை. ஆயினும் சிறிய எண்ணுக்கு இடக்கை விரைந்தது. பெரிய எண்ணுக்கு வலக்கை விரைந்தது. உள்ளத்துள் எண்கள் ஒரு கோட்டில் நிற்கின்றன, சிறியது இடப்புறம், பெரியது வலப்புறம் என்பது இதனால் வெளிப்பட்டது.

அக்கோடு பிறவியிலேயே வரையப்பட்டதா, பிறகு வரையப்படுவதா? அதே ஆய்வில் ஈரான் நாட்டு மாணாக்கரும் இருந்தனர். அவர்தம் தாய்மொழி எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. பிரான்சில் நெடுநாள் வாழ்ந்தவர்களிடம் பிரஞ்சுக்காரரின் போக்கே காணப்பட்டது. அண்மையில் வந்தவர்களிடம் அப்போக்கு மங்கியும் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் காணப்பட்டது. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு இலெபனான் நாட்டில் நிகழ்ந்தது. அரபு மட்டுமே படிக்கத் தெரிந்தவர்க்குக் கோடு வலமிருந்து இடமாக ஓடிற்று. ஆங்கிலமும் சேர்த்துப் படித்தவர்க்கு அப்போக்குத் தளர்ந்தது. எழுத்தறியாதவர்க்குப் பக்கச் சாய்வே தென்படவில்லை.

2009இல் மூன்று நாட்டினரை ஒருங்குவைத்துச் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. சொல்லையும் எண்ணையும் இடமிருந்து வலமாகப் படிக்கும் கனடா நாட்டினர்க்கு எண்கோடு இடமிருந்து வலம். இரண்டையும் வலமிருந்து இடமாகப் படிக்கும் பாலத்தீனத்தார்க்கு எண்கோடு வலமிருந்து இடம். எபிரேய எழுத்தை வலமிருந்து இடமாகவும் எண்ணுருவை இடமிருந்து வலமாகவும் படிக்கும் இசுரேலியர்க்கோ உறுதியான கோடு எதுவும் புலப்படவில்லை! சொல் ஒருபக்கம், எண் ஒருபக்கம் என்று இழுபட்ட உள்ளத்தில் கோடு ஊன்றி நிற்கவில்லை. இச்செய்தியைத் தமிழ்ப் பெற்றோர் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பிறந்து மூன்றே நாளான கோழிக்குஞ்சுகளும் சிறு தொகையை இடப்பக்கமும் பெருந்தொகையை வலப்பக்கமும் தேடுகின்றன என்று 2015இல் இத்தாலிய அறிஞர் காட்டினர். அதனால் இஃது இயற்கையே, பண்பாட்டுக்கு வேலையில்லை என்பார் உளர். இயற்கை ஒரு சாய்வைத் தருமாயினும் தரட்டும். அச்சாய்வைப் பண்பாடு திருப்பிவிட வல்லது என்பதற்குப் பாலத்தீனத்தாரே சான்று. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வோ, பள்ளிப்படிப்பு மிகுதியும் பெறாத அம்மக்கள் எண்களை எப்பக்கமாகவும் வரிசைப்படுத்துகின்றனர் என்கிறது.

எழுத்தறியாக் குழந்தையும் இதிலிருந்து தப்பவில்லை. பெரியவர் படங்கதை படிக்கும்போது விரல் எப்பக்கம் நகர்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் மூன்று நான்கு அகவைக் குழந்தை, தன் முன்னுள்ள பொருள்களையும் அப்பக்கமாகவே எண்ணத் தொடங்குகிறது. படிக்கும் பக்கத்தை மாற்றிக் காட்டியபோது எண்ணும் பக்கமும் அதற்கேற்ப மாறியதை 2018இல் வெளியான ஆங்கில நாட்டு ஆய்வு பதிந்துள்ளது. ஆக, எண்கோடு பள்ளிக்கு முன்னரே, தாயின் மடியில் வரையப்படுகிறது.

மறுகால்தலை முதல் மேலப்பாளையம் வரை

பொருநைக் கரைத் தமிழனின் கோடு எப்போது வரையப்பட்டது? நெல்லைக்கு அருகே மறுகால்தலைப் பாறையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழி எழுத்து இடமிருந்து வலமாக ஓடுகிறது. அம்பாசமுத்திரத்து வட்டெழுத்துக் கல்வெட்டும் இடமிருந்து வலமாகவே ஓடுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் 290 காசினை இளங்கோக்குடி அவையாரிடம் முதலாக வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலிசை என்னும் கணக்கில் 580 கலம் நெல்லுக்கு வழிவகுத்த செய்தியை அது சொல்கிறது. அரசன் ஆணையும் கோவில் நெல்லும் தமிழெண்ணில் பேசிய காலம் அது.

இதே பொருநை நாட்டில் மற்றொரு பக்கமாக ஓடும் எழுத்தும் உண்டு. மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் இசுலாமியத் தமிழ்க்குழந்தைகள் மார்க்கப் பள்ளியில் திருக்குரானை வலமிருந்து இடமாக ஓதுகின்றனர்; பொதுப்பள்ளியில் தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கின்றனர். தமிழையே அரபெழுத்தில் வலமிருந்து இடமாக எழுதிய அரபுத்தமிழ் நூல்களும் அவர்தம் முன்னோரிடம் இருந்தன. எழுத்து எப்பக்கம் ஓடினாலும் அவர்தம் வீட்டில் ஒலித்தது "ஒன்று, இரண்டு, மூன்று" என்னும் தமிழெண்ணே. கடல் கடந்து வாணிகம் செய்தபோதும் அவ்வெண்ணே அவர்க்குத் துணைநின்றது. பக்கம் இரண்டாயினும் எண்மொழி ஒன்றாக நின்ற குமுகாயம் அது. பக்கம் ஒன்றாயிருந்தும் எண்மொழியை இரண்டாக்கி வீட்டுமொழியை விரட்டும் பித்து, இன்றைய மழலையர் பள்ளி வாயிலில்தான் பிறந்தது.

வாய் ஒருபக்கம், கை ஒருபக்கம்

எழுத்தின் பக்கம் ஒன்று. எண்ணுப்பெயரின் பக்கம் மற்றொன்று. இரண்டும் ஒத்துச் செல்லும் மொழியும் உண்டு; ஒன்றையொன்று முட்டும் மொழியும் உண்டு. 25 என்னும் எண்ணையே எடுத்துக்கொள்க. தமிழன் "இருபத்தைந்து" என்கிறான். முதலில் இரண்டு பத்து, அடுத்து ஐந்து. எழுதும்போதும் இடமிருந்து முதலில் 2, அடுத்து 5. செவி கேட்ட வரிசையில் கை எழுதுகிறது. கை எழுதிய வரிசையில் கண் படிக்கிறது. செவியும் கையும் கண்ணும் ஒரே வழியில் நடக்கின்றன.

அரபு மொழியார் "ஐந்தும் இருபதும்" என்பர். வலமிருந்து இடமாகப் படிக்கும் கண்ணுக்கு 25இல் முதலில் தென்படுவது 5. எனவே அவர்க்கும் அவ்விடத்தில் முட்டல் இல்லை.

வடமொழியோ இடமிருந்து வலமாக எழுதுகிறது. ஆனால் "ஐந்து இருபது" என்று பின்னிருந்து முன்னாகச் சொல்கிறது. எண்ணுக்கு நடை இடப்புறமாகவே என்று வடநூலார் ஒரு முதுமொழியே வைத்திருக்கின்றனர். அதன் வழிவந்த இந்தியில் முட்டல் இன்னும் பெரிது. 25 "பச்சீசு". 29 "உன்தீசு", அதாவது முப்பதிற்கு ஒன்று குறை. 39உம் அவ்வாறே, 89உம் 99உம் அவ்வாறல்ல. ஒன்று முதல் நூறு வரை ஏறத்தாழ ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனிச் சொல்லைக் குழந்தை உருப்போடவேண்டும். தமிழ்க்குழந்தைக்கோ ஒன்று முதல் பத்தும், இருபது முப்பது போன்ற பத்துப்பெயர்களும், சேர்க்கும் முறையும் தெரிந்தால் நூறுவரை தானே கட்டிக்கொள்ளும்.

செருமன் மொழியும் "ஐந்தும் இருபதும்" என்றே சொல்கிறது. எழுதுவதோ இடமிருந்து வலம். விளைவு என்ன? ஆசுத்திரிய நாட்டில் செருமன் பேசும் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் எண்களைச் சொல்லி எழுதச்செய்த ஆய்வு 2009இல் வெளியாயிற்று. அவர்கள் செய்த பிழைகளில் ஏறத்தாழப் பாதி, இம்முன்பின் முறைமாற்றத்தோடு தொடர்புடையவை. 25 என்றால் 52 என்று எழுதிவிடுகின்றனர். குழந்தை மடையன் அல்லன். மொழி அவனை இடறிவிடுகிறது.

ஆங்கிலம் இருபதுக்கு மேல் தமிழைப் போல் நேராகச் செல்கிறது. ஆனால் எண்ணின் வாயிற்படியிலேயே இடறுகிறது. தமிழில் 17 "பதினேழு". பத்தும் ஏழும் அச்சொல்லிலேயே தெரிகின்றன. ஆங்கிலத்தில் அது "செவன்டீன்". ஏழு முன்னே, பத்து பின்னே, அப்பத்தும் "டீன்" என்று முகமூடி அணிந்து நிற்கிறது. "செவன்டீன்", "செவன்ட்டி" என்னும் இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாமல் குழந்தை திணறுகிறது. 11க்கும் 12க்கும் உரிய ஆங்கிலப் பெயர்களில் பத்து என்பதன் சுவடே குழந்தையின் செவிக்கு எட்டாது. தமிழின் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அஃது எட்டுகிறது. குழந்தை எண்ணைப் புரிந்துகொள்ளும் முதற்படி இந்தப் பதின்மப் படியே. அப்படியிலேயே நேரான சொல்லைப் பிடுங்கிக்கொண்டு கோணல் சொல்லைக் கையில் கொடுப்பதற்குத்தான் தமிழன் கட்டணம் கட்டுகிறான்!

பிறநாட்டார் என் செய்தனர் என்பதையும் காண்க. நார்வே நாட்டில் "ஒன்றும் இருபதும்" என்னும் பழவழக்கை மாற்றி, "இருபத்தொன்று" என்றே சொல்லவேண்டும் என்று அந்நாட்டு மன்றம் முடிவு செய்து, 1951இல் பள்ளிக்கும் அலுவலுக்கும் நடைமுறைப்படுத்தியது. செருமனியிலும் இம்மாற்றத்தை வேண்டி 2004 முதல் ஒரு கழகம் இயங்குகிறது. அக்கழகத்தின் பெயரே "இருபது ஒன்று" என்று பொருள்படுவது. இல்லாத நேர்வழியைச் சட்டம் செய்து படைக்கிறார்கள் அவர்கள். பிறப்பிலேயே கிடைத்த நேர்வழியைப் பணம் கொடுத்துத் தொலைக்கிறான் தமிழன்.

முந்திரியும் மாகாணியும்

பழந்தமிழ் எண்ணுருவோ சொல்லின் அப்பட்டமான படமாகவே இருந்தது. இருபத்தைந்து என்பதை ௨௰௫ என்று எழுதினர்: இரண்டு, பத்து, ஐந்து. முந்நூற்றிருபத்தைந்து ௩௱௨௰௫: மூன்று, நூறு, இரண்டு, பத்து, ஐந்து. வாய் சொன்னதைக் கை அப்படியே வரைந்தது. சுழியமும் இடமதிப்பும் கொண்ட முறை கணக்குக்கு எளிது. அதனை ஏற்றதில் தவறில்லை. ஆனால் எண்ணுப்பெயர் என்னும் உயிர்நாடி அம்மாற்றத்திலும் அறுபடாமல் இருந்தது. இன்றுதான் அறுபடுகிறது.

திண்ணைப்பள்ளியில் குழந்தை எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி, மணலில் விரலால் எழுதிக் கற்றது. முழுவெண்ணோடு நில்லாமல் கீழெண்ணும் கற்றது. முந்திரி 1/320. அதன் இரட்டி அரைக்காணி 1/160. அதன் இரட்டி காணி 1/80. அதன் இரட்டி அரைமா 1/40. அதன் இரட்டி மா 1/20. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 1/16. பெயரிலேயே கூட்டற்கணக்கு அடங்கியிருக்கிறது! மாகாணியின் இரட்டி அரைக்கால்; அதன் இரட்டி கால்; அதன் இரட்டி அரை. முந்திரியையும் 320ஆகப் பகுத்துக் கீழ்முந்திரி என்றனர். அஃது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. உலக்கை குற்றும் ஓசையோடு இவ்வாய்பாட்டின் ஓசையும் பொருநைக் கரை ஊர்களில் கேட்டது. எண்சுவடிகளையும் திண்ணைப்பள்ளிக் கணக்கையும் விரிவாக ஆராய்ந்து, புதுச்சேரி பிரஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு 2022இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைத் தமிழ்ப்பள்ளி மறந்திருக்கலாம், அறிவுலகம் மறக்கவில்லை.

திண்ணைப்பள்ளியைப் பொற்காலமென்று போற்றவேண்டுவதில்லை. அங்கே பிரம்படி மிகுதி. பெண்மக்களுக்கும் ஒடுக்கப்பட்ட குலத்தார்க்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. அத்தீமை ஒழிந்தது நன்று. எல்லாக் குழந்தைக்கும் பள்ளிக்கதவு திறந்தது நன்றினும் நன்று. 1957 ஏப்பிரல் முதல்நாளில் பதின்ம நாணயம் வந்தது. பதினாறில் ஒன்றாய் இருந்த அணா போயிற்று. மாகாணிக்குச் சந்தையில் வேலை குறைந்தது. அதுவும் காலத்தின் போக்கு. ஆனால் அரைக்கும் காலுக்கும் முக்காலுக்கும் என்ன கேடு வந்தது? இருட்டுக்கடைத் தெருவில் அல்வா வாங்கும் தமிழன் "ஆப் கேசி" என்று கேட்பது எந்தக் காலத்தின் போக்கு? "அரைக்கிலோ" என்றால் அல்வா கசக்குமா?

களத்துமேட்டில் முன்பே ஒரு கறை படிந்ததும் உண்டு. நெல் அளக்கையில் முதல் மரக்காலை "ஒன்று" என்னாமல் "இலாபம்" என்று வடசொல்லால் தொடங்குவர். பிறகே இரண்டு, மூன்று. தொடக்கம் ஒன்றை மட்டும் பறிகொடுத்தான் அன்றைய தமிழன். இன்றைய தமிழன் நூறையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான்.

இரண்டு ஆக்சுபோர்டுகள்

பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்சுபோர்டு என்று சொல்லி மகிழ்வது வழக்கம். பள்ளிகள் மலிந்த ஊர், பெருமைதான். மெய்யான ஆக்சுபோர்டில் நடந்ததையும் இப்பெருமைக்காரர்கள் அறிந்திருக்கவேண்டும்.

அப்பல்கலைக்கழக அறிஞர் ஆன் தவுக்கர் என்னும் அம்மையார், பாலா, இலாயிடு என்னும் இருவருடன் சேர்ந்து 2008இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். வேல்சு நாட்டின் தாய்மொழியாகிய வெல்சில் 11 என்பது "ஒரு பத்து ஒன்று" என்று நேராகவே சொல்லப்படுகிறது. அம்மொழி பேசும் ஆறு, எட்டு அகவைக் குழந்தைகளையும் ஆங்கிலம் மட்டுமே பேசும் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். பொதுக் கணக்குத் தேர்வில் வேறுபாடு இல்லை. ஆனால் ஈரிலக்க எண்களைப் படிப்பதிலும் ஒப்பிட்டுப் பெரிது சிறிது காண்பதிலும் வெல்சுக் குழந்தைகளே சிறந்து நின்றனர்.

அவ்வாய்வோடு நில்லாமல், இங்கிலாந்தில் வாழும் தமிழ்க்குழந்தைகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். கணக்குத் தேர்வுகளில் ஒன்றில், ஆங்கிலம் மட்டுமே அறிந்த குழந்தைகளைவிடத் தமிழும் அறிந்த குழந்தைகள் சிறப்பாகச் செய்தனர். ஈரிலக்க எண்களை ஒப்பிடுவதில் வேறுபாடு இல்லை. தமிழெண் ஆங்கில எண்ணினும் தெளிவானது, வெல்சினும் சீனத்தினும் சற்றுத் தெளிவு குறைந்தது என்பது அவ்வறிஞர்களின் கணிப்பு.

முழுவெற்றி என்று முழங்குதற்கு இடமில்லை, முழங்கவும் வேண்டா. தமிழில் எண்ணினால் ஒவ்வொரு குழந்தையும் இராமானுசனாகிவிடும் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலப் பள்ளியில் ஆங்கில நாட்டிலேயே படிக்கும் குழந்தைக்கு, வீட்டில் கேட்ட தமிழ் இழப்பை உண்டாக்கவில்லை. ஒரு தேர்வில் ஊதியத்தையே தந்தது. தமிழெண் சொன்னால் குழந்தை பின்தங்கிவிடும் என்று அஞ்சும் பாளையங்கோட்டைப் பெற்றோர்க்கு இதைவிட வேறு ஆறுதல் என்ன வேண்டும்? அங்கே வீட்டுக்குள்ளாவது தமிழெண் இருந்தது. இங்கே ஆச்சியின் வாயிலிருந்தும் அதனைப் பிடுங்குகிறார்கள்.

சீனம், சப்பான், கொரிய நாட்டுக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்ட 1988ஆம் ஆண்டு ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. 42 என்பதைக் கட்டைகளால் காட்டு என்றபோது, "நான்கு பத்து இரண்டு" என்று மொழியிலேயே கேட்டு வளர்ந்த ஆசியக் குழந்தை நான்கு பத்துக்கட்டையும் இரண்டு ஒற்றைக்கட்டையும் எடுத்தது. அமெரிக்கக் குழந்தையோ பெரும்பாலும் நாற்பத்திரண்டு ஒற்றைக்கட்டைகளை எண்ணி எடுத்தது. "நாற்பத்திரண்டு" என்னும் தமிழ்ச்சொல்லில் நான்கும் பத்தும் இரண்டும் ஒலிப்பதைச் செவியுடையார் கேட்கட்டும்.

தொண்ணூறு என்னும் முடிச்சு

தமிழில் கோணலே இல்லையா என்று எதிர்ப்பாளர் கேட்பர். உண்டு, மறைக்கவேண்டுவதில்லை. எண்பதுக்கு அடுத்து வருவது தொண்ணூறு. நூறு வராமலே நூறென்னும் ஒலி வந்துவிடுகிறது. தொண்ணூறுக்கு மேலே நூறு. எண்ணூறுக்கு மேலே தொள்ளாயிரம், ஆயிரம் வருமுன்னரே ஆயிரம்! குழந்தை இங்கே மலைப்பது இயல்பே.

இம்முடிச்சை அவிழ்த்தவர் நெல்லை மண் ஈன்ற மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். 1902இல், அன்றைய நெல்லை மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் பிறந்தவர். 1981இல் மறையும்வரை தமிழ்ச்சொல்லின் வேரையே தோண்டியவர். ஒன்பதுக்குப் பழம்பெயர் தொண்டு. தொல்காப்பியத்திலேயே அச்சொல் அப்பொருளில் ஆளப்பட்டிருக்கிறது. தொண்டு 9, தொண்பது 90, தொண்ணூறு 900, தொள்ளாயிரம் 9000 என்று வரிசை நேராகவே இருந்தது. தொண்டு வழக்கிழந்தபோது மேலிருந்த பெயர் ஒவ்வொன்றும் ஒருபடி கீழிறங்கிற்று. பத்தின் பெயர் ஒன்றின் இடத்திற்கு வந்தது. நூற்றின் பெயர் பத்தின் இடத்திற்கு வந்தது. ஆயிரத்தின் பெயர் நூற்றின் இடத்திற்கு வந்தது. இதுவே பாவாணர் காட்டிய விளக்கம்.

தொண்ணூறைக் கன்னடர் இன்றும் தொம்பத்து என்கின்றனர். தெலுங்கர் தொம்பை என்கின்றனர். தமிழ் தொலைத்த தொண்பது அண்டை வீட்டில் உயிரோடு இருக்கிறது! நெல்லைச் சீமை இடையன்குடியில் வாழ்ந்து 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் இவ்வெண்ணுப்பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இம்மொழிகளின் உறவுக்குச் சான்றாக்கினார். தமிழில் உள்ள கோணலும் வரலாறு சொல்லும் கோணல். ஒரு கதையாகச் சொன்னால் குழந்தை மறக்காது. ஒன்றிரண்டு இடத்தில் வழுக்குகிறது என்பதற்காக வழியையே விட்டு வேலியேறிக் குதிப்பார் உண்டோ?

பணத்தாளில் புகுந்த நாகரி

ஆங்கிலம் முன்வாயிலில் வர, இந்தி பின்வாயிலில் வருகிறது. நடுவண் அரசின் அலுவல்களுக்கு இந்திய எண்களின் உலகப் பொதுவடிவமே உரியது என்று அரசமைப்பின் 343ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் 2016 நவம்பரில் வெளியிட்ட 2000 உருபாத் தாளில் நாகரி எண்ணுருவும் பொறிக்கப்பட்டது. மதுரையிலுள்ள உயர்நயமன்றக் கிளையில் அதனை எதிர்த்து வழக்கும் தொடுக்கப்பட்டது. அத்தாளைத் திரும்பப் பெறுவதாக 2023இல் அறிவித்துவிட்டனர். 500 உருபாத் தாளில் நாகரி எண்ணுரு நின்றுகொண்டுதான் இருக்கிறது. இருமொழிக் கொள்கையைத் தமிழகச் சட்டமன்றம் 1968இல் வகுத்தது எதற்காக? தமிழ்க்குழந்தையின் நாவில் மூன்றாவதாக ஓர் எண்வரிசை ஏறாமல் காப்பதற்கும் சேர்த்துத்தான். "பதினேழு, செவன்டீன், சத்ரா" என்று ஓர் எண்ணுக்கு மூன்று பெயரை மூன்று வரிசையில் ஐந்து அகவைக் குழந்தையின்மேல் சுமத்துவோர், அக்குழந்தை கணக்கை வெறுக்கும்போது குழந்தையையே குறைகூறுவர்.

செய்யத்தக்கன

புலம்பல் போதும், செயல் வேண்டும். தமிழ்த்தாய்மாரே, சோறூட்டும்போதும் படியேறும்போதும் தமிழில் எண்ணிக் காட்டுங்கள். பல்லாங்குழியின் குழிகளை இடமிருந்து வலமாக விரல்வைத்து "ஒன்று, இரண்டு" என்று சொல்லவையுங்கள். கைப்பேசி எண்ணைத் தமிழில் சொல்லிப் பழக்குங்கள். தந்தைமாரே, கடையில் விலையைத் தமிழில் கேளுங்கள். வணிகரே, தமிழில் சொல்லுங்கள். உங்கள் நாவு ஒவ்வொன்றும் ஒரு பள்ளி.

அரசுப்பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்த அரசு, அப்பிரிவுகளில் கூட நூறுவரையேனும் முதலில் தமிழெண்ணையே கற்பிக்க ஆணையிடவேண்டும். அடிப்படை ஊன்றிய பின் ஆங்கிலப் பெயரையும் கற்கட்டும், எவரும் தடுக்கவில்லை. நெல்லையில் 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், தன் வாயிலிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள குழந்தைகளை ஆராயட்டும். தமிழ்வழியில் எண்ணும் குழந்தை, ஆங்கிலவழியில் எண்ணும் குழந்தை, மேலப்பாளையத்தில் இருபக்க எழுத்தையும் படிக்கும் குழந்தை ஆகிய மூவர்தம் எண்கோடும் எவ்வாறு ஓடுகிறது என்பதை உலகுக்குச் சொல்லட்டும். இலெபனானிலும் கனடாவிலும் செய்ததைப் பொருநைக் கரையில் செய்ய இயலாதா?

வலம் என்பதற்கு வலப்பக்கம் என்பது மட்டுமன்றி வெற்றி என்பதும் வலிமை என்பதும் தமிழில் பொருள். இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழெண் குழந்தையை வெற்றியின் பக்கமே நடத்திச் செல்கிறது. அந்நடையை நிறுத்துவோர் எவராயினும், பெற்றோரே ஆயினும், அவர்கள் செய்வது தம் குழந்தைக்குத் தாமே இழைக்கும் கேடு.

பாளையங்கோட்டை ஆச்சி மீண்டும் சந்தைக்குப் போவாள். பெயரனும் உடன் வருவான். அவன் "நைன்ட்டி செவன்" என்று சொல்லும்போது, ஆச்சி சிரித்துவிட்டு நில்லாமல், "அப்படின்னா எவ்வளவு ராசா? தமிழ்ல சொல்லு, அப்பத்தான் காசு எடுப்பேன்" என்று கேட்கட்டும். அவ்வொரு கேள்வியில் பொருநை மீண்டும் தமிழில் எண்ணத் தொடங்கும்!